புதையல் தேடிப் போனேன்!

"கைக்குழந்தையை வீட்டில விட்டுட்டுக் காட்டில புதையல் தேடப் போனியாமே! உனக்கு என்னடி ஆச்சு?"

ஊரிலிருந்து என் அக்கா போனில் கேட்ட கேள்வி இது. அவள் கேட்டதில் தப்பே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் மூக்கில் விரலை வைத்திருப்பேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் பீவர்ட்டன் என்கிற ஊர். 2023 பிப்ரவரியில் என் மகள் பிறந்தாள். வெளியே ஓயாத மழை, இவர் காலையில் ஆபீஸ் போனால் சாயங்காலம்தான் வருவார். நாலு சுவரையும் குழந்தையின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, காரணமே இல்லாமல் அழுகை வரும். "தினமும் கொஞ்ச தூரம் நடங்கள், எல்லாம் சரியாகும்" என்றார் டாக்டர். எங்கே நடப்பது? எதற்கு நடப்பது? அப்போது எதிர் வீட்டுத் தெலுங்குத் தோழி காட்டிக்கொடுத்த விளையாட்டுதான் ஜியோகேஷிங்.

பெட்டியும் நோட்டும்

கேஷ் என்றதும் ரொக்கப் பணம் என்று நினைத்துவிடாதீர்கள்! ஒளித்து வைத்த பொருள் என்று அர்த்தம். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வலைத்தளத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் கைபேசியைக் கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

இது பிறந்ததே எங்கள் ஆரிகனில்தான். செயற்கைக்கோள்கள் இடம் காட்டும் எண்களில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கொஞ்சம் பிழை கலந்து வைத்திருந்தது. 2000-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே, மே 3-ந் தேதி, டேவ் உல்மர் என்பவர் பீவர்க்ரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, எண்களை வெளியிட்டார். உள்ளே புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்ததாம்! இன்று அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. உலகம் முழுவதும் இப்போது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒன்று, கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு. இன்னொன்று, போகிற வழி எவ்வளவு கஷ்டம் என்பதற்கு. இரண்டும் 1-ல் தொடங்கி அரை அரையாக ஏறி 5 வரை போகும். வழிக்கு 1 என்றால் சக்கர நாற்காலியே போகலாம். 5 என்றால் படகு, கயிறு போன்ற சாதனங்கள் வேண்டும். சில பெட்டிகளைக் கேட்டால் தலை சுற்றும்! அட்லாண்டிக் கடலடியில், அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் ஒன்று. ரிச்சர்ட் காரியட் என்பவர் 2008-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அங்கே வைத்தது இன்னொன்று!

நான் என்னவோ தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு, 1-க்கு 1 என்று பூங்காக்களில்தான் தொடங்கினேன். பெஞ்சுக்கு அடியில் காந்தம் ஒட்டிய டப்பி, வேலிக் கம்பத்துக்குள் பிலிம் டப்பா. ஒன்று கிடைத்தால் அன்றைக்குப் பூராவும் உற்சாகம். ஆகஸ்டுக்குள் 80 பெட்டிகள் ஆகிவிட்டன. அழுகை எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியவில்லை.

பாட்டியின் மஃப்ளர்

ஆசை யாரை விட்டது? ஒரு 5 எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. என் கண்ணில் பட்டது, கண்டுபிடிப்பதற்கு 5, வழிக்கு 4 என்று போட்டிருந்த ஒரு புதிர்ப் பெட்டி. இந்த வகையில் முதலில் காட்டும் எண்கள் பொய். புதிரை விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். பெரும்பாலும் அது பொய் இடத்திலிருந்து இரண்டு மைலுக்குள் இருக்கும்.

அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு படம். சாம்பல் நிறக் கம்பளி மஃப்ளர் ஒன்று கதவில் தொங்குகிறது. கீழே ஒரு வரி: பாட்டி குளிருக்குப் பின்னிக் கொடுத்தது. அவ்வளவுதான்!

குழந்தை தூங்கும் நேரமெல்லாம் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினேன். குஞ்சத்தின் இழைகளை எண்ணினேன். கதவின் ஆணிகளை எண்ணினேன். எழுத்துகளை 13 இடம் தள்ளிப் படிக்கும் முறை ஒன்று உண்டு, குறிப்புகளை எல்லாம் இந்த விளையாட்டில் அப்படித்தான் மறைத்து எழுதுவார்கள். அதையும் செய்து பார்த்தேன். விடை சரியா என்று சொல்லும் கட்டத்தில் எதைப் போட்டாலும் 'தப்பு' என்றே வந்தது. ஜூனில் தொடங்கியது, செப்டம்பர் வந்தும் தீரவில்லை.

செப்டம்பரில் குன்னூரிலிருந்து என் மாமியார் வந்தார். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது, ஆனால் பேச்சும் அதிகம் கிடையாது. 'சாப்டியா, குழந்தை தூங்கிச்சா' என்பதோடு சரி. நான் கம்ப்யூட்டரில் கம்பளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குள் ஒரு பயம்.

அக்டோபரில் ஒரு நாள். குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டியபடியே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யாரும்மா பின்னினது இது? அவசரக்குடுக்கை போலிருக்கே! நடுவில கண்ணி திரும்பியிருக்கு பாரு."

"திரும்பியிருக்குன்னா என்ன அத்தை?"

"நிட் போட வேண்டிய இடத்தில பர்ல் போட்டிருக்கா. வழவழன்னு வர வேண்டியது புடைச்சுக்கிட்டு நிக்குது." இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். "ஒரு தடவை தப்பலாம். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, அப்புறம் சேர்ந்தாப்பில மூணு... இப்படி யாராவது தப்புவாங்களா? வேணும்னே போட்டிருக்கா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு புள்ளி, ஒரு கோடு! தந்தி ஆபீஸ் மோர்ஸ் குறியில் அது 4! ஒரு புடைப்பு புள்ளி, மூன்று சேர்ந்தால் கோடு. அதற்கடுத்து ஐந்து ஒற்றைப் புடைப்புகள், அது 5. எங்கள் ஊர்ப் பக்கம் அட்சரேகை 45 டிகிரிதானே! அத்தை புடைப்புகளைச் சொல்லச் சொல்ல நான் காகிதத்தில் எழுதினேன். எண்களுக்கு மோர்ஸில் ஐந்தைந்து குறிகள். மொத்தம் 15 எண்கள். கட்டத்தில் போட்டேன். பச்சையில் 'சரி' என்று வந்தது!

நான் குதித்த குதியில் குழந்தை அழுதுவிட்டாள். "கஞ்சி ஆறுது, முதல்ல அதைப் பாரு" என்றார் அத்தை. ஆனால் அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு. அன்று ராத்திரி வெகு நேரம், குன்னூர்க் குளிரில் வீட்டுக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னிய கதையைச் சொன்னார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

தோற்றுத் திரும்பிய நாள்

எண்கள் காட்டிய இடம் மேற்கே டில்லமூக் அரசுக் காட்டில் இருந்தது. 1933 முதல் 1951 வரை ஆறாறு வருஷ இடைவெளியில் நாலு தடவை பெருந்தீயில் கருகிய மலைக்காடு அது. கோடிக்கணக்கான கன்றுகள் நட்டு மறுபடி எழுப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளே வந்து நட்டார்களாம். இன்று பார்த்தால் வானம் தெரியாத அடர்த்தி.

நவம்பர்க் கடைசியில் ஒரு சனிக்கிழமை, குழந்தையை இவரிடமும் அத்தையிடமும் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். அதுதான் முதல் தப்பு. மதியம் கிளம்பியது இரண்டாவது தப்பு. அந்த மாதத்தில் நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

பாதையை விட்டு ஒரு சரிவில் இறங்க வேண்டியிருந்தது. மரங்களுக்கு அடியில் கைபேசி ஒரு நிலையில் நிற்காமல் இங்கே, அங்கே என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. பாசி படிந்த கட்டைகள், ஆளுயரப் பெரணிச் செடிகள். முக்கால் மணி நேரம் துழாவினேன். ஈரத்தில் கால் வழுக்கி முட்டி அடிபட்டது. போட்டிருந்த பருத்திச் சுடிதார் நனைந்து உடம்பு நடுங்கியது. போனில் சிக்னல் கிடையாது, சார்ஜ் 12 சதவீதம். மணி மூன்றரை.

'இன்னும் பத்தே நிமிஷம்' என்றது மனசு. நாலு மாதத்துப் புதிராயிற்றே! அப்போது, அடுத்த கட்டையின் மேல் வைத்த கால் மறுபடி வழுக்கியது. பிடித்துக்கொள்ளச் செடி இருந்ததால் பிழைத்தேன். நான் இங்கே கால் ஒடிந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? பால் குடிக்கிற குழந்தை வீட்டில். அந்த நினைப்பு வந்ததும் திரும்பிவிட்டேன். காருக்கு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதேன்.

வீட்டு வாசலிலேயே இவரும் அத்தையும் நின்றுகொண்டிருந்தார்கள். திட்டு விழும் என்று நினைத்தேன். அத்தை துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். "பெட்டி எங்கயும் ஓடிடாது. தப்பாப் போச்சுன்னா அவிழ்க்கத் தெரியணும்மா. அவிழ்க்கத் தெரியாதவளுக்குப் பின்னலே வராது" என்றார்.

இந்த விளையாட்டில் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். அன்று ராத்திரி அதை எழுதினேன். எழுதியதும் பாரம் இறங்கியது.

கட்டையின் மேல் கம்பளி

மார்ச்சில் அத்தை ஊருக்குத் திரும்பினார். ஏப்ரலில் வெயில் வந்ததும் தெலுங்குத் தோழியுடன் மறுபடி போனேன். இந்தத் தடவை காலை எட்டு மணிக்கே கிளம்பினோம். எங்கே நிற்கிறோம், எத்தனை மணிக்குள் வருவோம் என்று எழுதி இவரிடம் கொடுத்தேன். 'ஒரு மணி அடித்தால் எங்கே இருந்தாலும் திரும்புவது' என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டோம்.

அதே சரிவு, அதே கட்டைகள். ஒரு மணி நேரம் போயிற்று. அத்தை இங்கே இருந்தால் எதைப் பார்த்திருப்பார் என்று யோசித்தேன். திரும்பிய கண்ணியைத்தானே? விழுந்து கிடந்த ஒரு ஃபர் மரத்தின் மேல் உட்கார்ந்து, பாசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாசி எப்படி வேண்டுமானாலும் படரும். ஆனால் ஒரு ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குப் பாசி வரிசை வரிசையாக இருந்தது!

தொட்டேன். கம்பளி! பச்சைக் கம்பளியில் பின்னிய உறை ஒன்றைப் பாசி போலக் கட்டைப் பொந்தின் மேல் போர்த்தியிருந்தார்கள். உள்ளே விரல் நீளக் குழாய், அதற்குள் சுருட்டிய காகிதம். எங்களுக்கு முன்னால் 11 பெயர்கள். நான் மூன்று பெயர் எழுதினேன்: தோழியுடையது, என்னுடையது, குன்னூரில் இருக்கும் அத்தையுடையது.

அன்று ராத்திரி உறையின் படத்தை அத்தைக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"ஊசி பெரிசு. ஓரம் சரியா முடிக்கலை," என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "என் பேரை எழுதினியா? என் பேரை நான் ரேஷன் கார்டில பார்த்ததோட சரி" என்றார்.

நீங்களும் போவதானால்...

இந்தியாவிலும் சில ஊர்களில் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன. எங்கே தேடினாலும் நான் பட்டுத் தெரிந்துகொண்ட இவற்றை மனதில் வையுங்கள்.

1. குழந்தையோடு போனால் வழிக்கு 1, அல்லது 1½ போட்ட பெட்டிகளே போதும்.

2. கடினமான வழிக்குத் தனியாகப் போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுங்கள்.

3. திரும்பும் மணியை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். காட்டில் முடிவு செய்தால் 'இன்னும் பத்து நிமிஷம்' ஜெயித்துவிடும்.

4. குளிரிலும் மழையிலும் பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டைக் குறைத்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

5. போன் சார்ஜை நம்பாதீர்கள். காகித வரைபடம், டார்ச், தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம் அவசியம்.

6. தெரியாத செடியைத் தொடாதீர்கள். இங்கே மும்மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் பட்டால் தோல் கொப்பளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

7. புதிரில் மாட்டிக்கொண்டால் வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். முக்கியமாக, இதெல்லாம் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நீங்கள் நினைத்திருப்பவர்களிடம்.

இப்போது அத்தையும் நானும் வாரம் ஒரு புதிர் பார்க்கிறோம். இங்கே ராத்திரி, அங்கே காலை. அத்தை கையில் காபி, என் மடியில் குழந்தை. இந்த வாரத்துப் புதிரும் 5 தான். இன்னும் பிடிபடவில்லை!