ஸ்பானிய மொழி வகுப்பின் விதிமுறைகளும் அவற்றின் அடிப்படைகளும்: அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள், கல்வியாண்டின் தொடக்கத்தில் தம் வகுப்பின் எதிர்பார்ப்புகளையும் விதிமுறைகளையும் எழுத்து வடிவில் வழங்குவது வழக்கம். வருகை, வீட்டுப்பாடம், மதிப்பெண் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் நிர்வாகத் தாளாகவே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. எனினும், மொழி வகுப்பில் இடப்படும் ஒவ்வொரு விதியின் பின்னும், மொழி எவ்வாறு கைவருகிறது என்பது பற்றிய ஒரு கருத்து மறைந்துள்ளது. இலக்கு மொழிப் பயன்பாடு, மதிப்பீடு, மொழிபெயர்ப்புக் கருவிகள் ஆகியன பற்றிய விதிகளை இக்கட்டுரை அந்நோக்கில் விளக்குகிறது. ஸ்பானியத்தை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவரிடத்தில் அதே விதிகள் எவ்வாறு வேறு விளைவைத் தருகின்றன என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்பானிய மொழி, வகுப்பறை விதிமுறை, இலக்கு மொழி, மொழித்திறன் மதிப்பீடு, வீட்டுமொழி மாணவர்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர்த்த மொழிகளுள் மிகுதியான மாணவர்கள் பயில்வது ஸ்பானிய மொழியே ஆகும். அங்கு உயர்நிலைப் பள்ளி என்பது பொதுவாக 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளைக் குறிக்கும். ஸ்பானியம் 1, 2, 3, 4 எனப் படிநிலைகளாகவும், அவற்றின் மேல் கல்லூரி வாரியம் நடத்தும் உயர்தரப் பாடமாகவும் இம்மொழி கற்பிக்கப்படுகிறது. பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கு வேற்றுமொழிப் படிப்பை எதிர்பார்க்கின்றன. சான்றாக, கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆங்கிலமல்லாத ஒரு மொழியில் 2 ஆண்டுப் படிப்பைக் கட்டாயமாக்கி, 3 ஆண்டுகளைப் பரிந்துரைக்கிறது. எனவே, ஒரே வகுப்பறையில் மொழியார்வத்தால் வந்தவரும், சேர்க்கைத் தேவைக்காக வந்தவரும், அம்மொழியைக் கேட்டு வளர்ந்தவரும் கலந்து அமர்கின்றனர்.

இம்மூவகையினர்க்கும் ஒரே விதிமுறை ஆவணம் தரப்படுகிறது. மாணவரும் பெற்றோரும் அதனைப் படித்துக் கையொப்பமிட்டுத் திருப்பித் தருமாறு கேட்கும் வழக்கமும் உண்டு. கொண்டுவர வேண்டிய பொருள்கள், தாமத வருகை, கைப்பேசிப் பயன்பாடு, பிந்தித் தரப்படும் வீட்டுப்பாடம் ஆகியன எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானவை. மொழி வகுப்பின் தனித்தன்மை வேறிடத்தில் உள்ளது. கணித வகுப்பில் மாணவர் எம்மொழியில் ஐயம் கேட்கிறார் என்பது பாடத்தின் பகுதி ஆவதில்லை. ஸ்பானிய வகுப்பிலோ, கற்பிக்கும் கருவியும் கற்கப்படும் பொருளும் ஒன்றே. ஆதலால், பேச்சை ஒழுங்குபடுத்தும் விதி கற்றலையே ஒழுங்குபடுத்தும் விதியாகிவிடுகிறது.

எதிர்பார்ப்புகளின் பொதுச் சட்டகம்

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பில் உள்ளது. மாநிலம் பாடத்தரங்களை வகுக்க, மாவட்டமும் பள்ளியும் மதிப்பெண் நெறிகளை முடிவுசெய்கின்றன. எஞ்சியவற்றை ஆசிரியர் எழுதுகிறார். இவற்றுக்கு இடையே ஓர் ஒற்றுமை காணப்படுவதற்குக் காரணம், 1967இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அயல்மொழி கற்பித்தல் மன்றத்தின் வழிகாட்டுதல்களாகும். 1986இல் அம்மன்றம் மொழித்திறன் நெறிகளை வெளியிட்டது. 1996இல் வெளிவந்த தேசியத் தரங்கள் மொழிக்கல்வியின் இலக்குகளாகத் தொடர்பாடல், பண்பாடுகள், பிற துறைகளுடன் இணைவு, ஒப்பீடுகள், சமூகங்கள் ஆகிய ஐந்தினை முன்வைத்தன.

இச்சட்டகம் எதிர்பார்ப்பின் தன்மையை மாற்றியது. 'நிகழ்கால வினைத்திரிபுகளை அறிவார்' என்பதற்கு மாறாக, 'தம் குடும்பத்தைப் பற்றி எளிய தொடர்களில் கூற இயலும்' என்ற வகையில் எதிர்பார்ப்புகள் எழுதப்படலாயின. மனப்பாடமான சொற்களாலும் தொடர்களாலும் பேசுபவர் தொடக்கநிலையினர்; தாமே புதிய வாக்கியங்களை அமைத்து எளிய உரையாடலை நடத்துபவர் இடைநிலையினர். இவ்வாறு திறனை அளவுகோலாக ஏற்ற ஒரு வகுப்பின் விதிகளும் அத்திறனை வளர்ப்பனவாக இருத்தல் வேண்டும். விதிகள் இலக்கோடு பொருந்துகின்றனவா என்பதே இங்கு எழும் வினா.

இலக்கு மொழி விதி

'வகுப்பில் ஸ்பானியத்திலேயே பேசுக' என்பது இத்தகைய ஆவணங்களில் அடிக்கடி காணப்படும் விதி. வகுப்பு நேரத்தில் 90 விழுக்காட்டிற்குக் குறையாமல் ஆசிரியரும் மாணவரும் இலக்கு மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்று மேற்குறித்த மன்றம் 2010இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 50 நிமிடமாக வாரம் 5 நாள் வகுப்பு நடப்பதாகக் கொண்டால், மொழியோடு உறவாடக் கிடைப்பது வாரத்திற்கு 4 மணி 10 நிமிடமே. வகுப்பிற்கு வெளியே ஸ்பானியம் கேளாத மாணவர்க்கு இந்நேரம் அரியது.

இவ்விதிக்கு இரு கோட்பாடுகள் துணைநிற்கின்றன. புரியக்கூடிய மொழியை மிகுதியாகக் கேட்பதாலும் படிப்பதாலும் மொழி கைவருகிறது என்பது ஸ்டீபன் கிராஷனின் கருத்து. தாமே பேசவும் எழுதவும் முயலும்போதுதான் தம்மிடம் உள்ள இடைவெளியைக் கற்பவர் உணர்கிறார் என்பது 1985இல் மெரில் ஸ்வெய்ன் முன்வைத்த கருத்து. அச்சமும் பதற்றமும் கற்றலைத் தடுக்கும் என்பதையும் கிராஷன் வலியுறுத்தினார். எனவே, ஆங்கிலச் சொல் ஒன்றைக் கூறியமைக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் நடைமுறை, இவ்விதிக்கு அடிப்படையான கோட்பாட்டோடே முரண்படுகிறது. தவறி ஆங்கிலம் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதே பாதுகாப்பானது என்று தொடக்கநிலை மாணவர் கண்டுகொள்வார். விதி வெளிப்பார்வைக்கு நிறைவேறும், மொழி வளராது.

இவ்விதியைப் பயனுறச் செய்யும் ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே சில உயிர்நாடித் தொடர்களைக் கற்பிக்கின்றனர். 'இதை எப்படிச் சொல்வது' எனப் பொருள்படும் 'கோமோ சே தீசே', 'எனக்குப் புரியவில்லை' எனப் பொருள்படும் 'நோ எந்தியெந்தோ' ஆகியவை அவற்றுள் அடங்கும். இத்தொடர்கள் சுவரில் எழுதி ஒட்டப்படுகின்றன. சைகை, படம், மெதுவான பேச்சு ஆகியன உடன்வருகின்றன. மாணவர்க்கு வேண்டிய சொற்களை முதலில் தந்துவிட்டு அதன்பின் விதியை இடும்போது, அது தடையாக இல்லாமல் துணையாக அமைகிறது.

ஆசிரியரை 'உஸ்தெத்' என்னும் மதிப்புச் சொல்லால் விளிக்க வேண்டும் என்ற விதியும் இவ்வகையினதே. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல் வழங்குவதால், 'தூ', 'உஸ்தெத்' என்னும் வேறுபாடு ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவர்க்குப் புதிது. தமிழின் நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை அறிந்தவர்க்கு எளிது. 'உஸ்தெத்' படர்க்கை வினைமுற்றையே ஏற்பதால், ஒரு மரியாதை வழக்கு நாள்தோறும் நிகழும் இலக்கணப் பயிற்சியாகவும் ஆகிறது.

மதிப்பீட்டு விதிகள்

தேர்வு, வகுப்புப் பணி, வீட்டுப்பாடம், பங்கேற்பு எனப் பகுத்து மதிப்பெண் வழங்குவது பரவலான முறை. இதில் மூன்று சிக்கல்கள் கருதத்தக்கன.

முதலாவது, பங்கேற்பு மதிப்பெண். எத்தனை முறை கையுயர்த்தினார் என்று எண்ணினால், அது மொழித்திறனை அளப்பதைவிடக் கூச்சமின்மையையே அளக்கும். இருவர் இருவராக உரையாடுதல், குரலைப் பதிவுசெய்து அளித்தல் முதலியவற்றையும் பங்கேற்பாக ஏற்கும்போது இக்குறை நீங்குகிறது.

இரண்டாவது, சுழிய மதிப்பெண். நான்கு பணிகளுள் மூன்றில் 90 பெற்று, ஒன்றைத் தராமல் விட்ட மாணவரின் சராசரி 67.5 ஆகும். 60 முதல் 69 வரை 'டி' தரமாகக் கொள்ளும் பள்ளியில் அவர் அத்தரத்தையே பெறுவார். 50ஐக் கீழெல்லையாக வைக்கும் பள்ளியில் அதே மாணவரின் சராசரி 80. தரம் 'பி' ஆகிறது. அவருடைய ஸ்பானியத் திறன் இரண்டிலும் ஒன்றே. கடமையைத் தவறவிட்டதற்கு விளைவு இருக்க வேண்டும் என்போரும், மதிப்பெண் திறனை மட்டுமே காட்ட வேண்டும் என்போரும் இதில் மாறுபடுகின்றனர். முறையை எதுவாகத் தெரிந்தாலும் அதன் காரணத்தை ஆவணத்தில் கூறிவிடுவது நேர்மையான வழி.

மூன்றாவது, எழுத்துப் பிழை. 'ஆப்லோ' என்னும் சொல்லில் முதலசை அழுத்தம் பெற்றால் 'பேசுகிறேன்' என்பது பொருள். இறுதி அசை அழுத்தம் பெற்று, எழுத்தின் மேல் அழுத்தக்குறி இடப்பட்டால் 'அவர் பேசினார்' என்பது பொருள். ஒரு சிறு கோடு காலத்தையும் இடத்தையும் மாற்றிவிடுகிறது. ஆகவே அழுத்தக்குறியை வெறும் அலங்காரமாகக் கொள்ள முடியாது. ஆயினும், அதனை இன்னும் கற்பிக்காத நிலையில் மதிப்பெண்ணைக் குறைப்பதும் பொருந்தாது. கற்பித்த அளவிற்கே தண்டம் என்பது ஏற்புடைய நெறி. மறுதேர்வு வாய்ப்பும் இந்நெறியின் நீட்சியே. மொழி படிப்படியாக வளர்வது. செப்டம்பரில் தவறிய வினைத்திரிபு திசம்பரில் இயல்பாக வரக்கூடும்.

மொழிபெயர்ப்புக் கருவிகள்

கூகுள் மொழிபெயர்ப்பு 2006இல் அறிமுகமானது. 2016இல் நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த பழைய வெளியீட்டின் பிழைகளை வைத்து ஆசிரியர் எளிதில் கண்டறிந்த காலம் இதனால் கடந்தது.

தனிச்சொல்லுக்கு அகராதி பார்க்கலாம், முழு வாக்கியத்தைக் கருவியிடம் கொடுத்துப் பெறக்கூடாது என்பது பரவலான விதி. இதற்குத் தக்க காரணம் உண்டு. வயதைக் கூற ஆங்கிலம் 'இரு' என்னும் வினையைப் பயன்படுத்துகிறது. ஸ்பானியமோ 'உடைமை' வினையைக் கொண்டு, 'பதினைந்து ஆண்டுகளை உடையேன்' என்னும் அமைப்பில் 'தெங்கோ கின்சே ஆஞோஸ்' என்கிறது. தமிழ் 'எனக்கு' என நான்காம் வேற்றுமையால் கூறும். மொழிக்கு மொழி உலகைக் கூறுபோடும் முறை வேறு என்பதை மாணவர் உணரும் இடம் இது. கருவி விடையைத் தந்துவிட்டால் அவ்வுணர்வு நிகழ்வதில்லை.

விதியை மீறினாரா என்று முடிவுசெய்யும் முறையிலும் கவனம் தேவை. முதலாண்டு மாணவரின் கட்டுரையில் இன்னும் கற்பிக்கப்படாத ஐயநிலை வினைவடிவம் காணப்பட்டால், கருவியின் துணையை ஆசிரியர் ஐயுறுவது இயல்பு. ஆனால், அவ்வடிவத்தை வீட்டில் தாயிடமிருந்து கேட்டு எழுதிய மாணவரும் அவ்வகுப்பில் இருக்கக்கூடும். எழுதியதை வாய்மொழியாக விளக்கச் செய்து, அதன்பின் முடிவெடுக்கும் நடைமுறை இருவர்க்கும் நீதி வழங்கும்.

வீட்டுமொழி மாணவர்

அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானியம் பேசுகின்றனர். ஆங்கிலமல்லாத மொழி வழங்கும் வீட்டில் வளர்ந்து, அம்மொழியைப் பேசுபவர் அல்லது ஓரளவேனும் புரிந்துகொள்பவர், ஏதோ ஓர் அளவில் இருமொழியாளர் என்று இத்தகைய மாணவரை குவாதலூப்பே வால்தேஸ் வரையறுத்தார். உரையாடலில் சரளமாக இருந்தும் எழுத்துப் பயிற்சி இல்லாதவர், கேட்டால் புரிந்து ஆங்கிலத்திலேயே விடை கூறுபவர் எனப் பலரும் இவ்வரையறையில் அடங்குவர்.

இவர்கள் முன் வைக்கப்படும் விதிக்கு ஒரு வரலாற்று நிழல் உண்டு. தென்மேற்கு மாநிலங்களின் பள்ளிகள் பலவற்றில் ஸ்பானியம் பேசுவது நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. டெக்சாஸ் மாநிலம் மார்ஃபாவிலுள்ள பிளாக்வெல் பள்ளியில் 1954இல் ஸ்பானியச் சொற்களைத் தாளில் எழுதச்செய்து, அவற்றைப் பெட்டியிலிட்டுப் புதைக்கும் சடங்கு நடத்தப்பட்டது. அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையம் 1972இல் வெளியிட்ட அறிக்கை, 'ஸ்பானியம் கூடாது' என்னும் விதிகள் மெக்சிகோ வழி மாணவரை எவ்வாறு ஒதுக்கின என்பதைப் பதிவு செய்தது. பிளாக்வெல் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022இல் நிறைவேறியது. தாத்தா பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட மொழியைப் பேத்தி பேசாததற்காக மதிப்பெண் இழக்கும் நிலை, இவ்வரலாற்றை அறியாது எழுதப்படும் விதியால் உண்டாகக்கூடும்.

'சரியான ஸ்பானியம் மட்டுமே' என்னும் விதி இன்னும் நுட்பமான இடரைத் தருகிறது. எல் சால்வதோரில் வேர்கொண்ட குடும்பத்து மாணவர் 'உனக்கு உண்டு' என்பதற்கு 'வோஸ் தெனேஸ்' என்பார். பாடநூல் 'தூ தியெனெஸ்' என்னும். முன்னது நடு அமெரிக்காவில் இயல்பாக வழங்குவது. அர்ஜென்டீனாவில் பொது வழக்காகவே நிலைபெற்றது. 'கொண்டுவந்தேன்' என்பதற்கு இன்றைய பொதுவழக்கு 'த்ராஹே'; சில குடும்பங்களில் வழங்கும் 'த்ரூஹே' பழைய ஸ்பானிய இலக்கியத்தில் இடம்பெற்ற வடிவம். இவற்றைச் சிவப்பு மையால் அடிக்கும்போது, தம் வீட்டாரின் பேச்சே பிழை என்னும் செய்தியை மாணவர் பெறுகிறார். மாறாக, 'இது வீட்டு வழக்கு. தேர்வுக்கும் அலுவலுக்கும் இவ்வடிவம்' என்று அருகருகே வைத்துக் காட்டினால், அவர் ஒன்றை இழக்காமல் மற்றொன்றைப் பெறுகிறார். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபட்டு நிற்கும் தமிழ்ச் சூழலில் இவ்வணுகுமுறையின் தேவை எளிதில் புலப்படும்.

வகுப்பில் இடமளிக்கும் விதியும் இதனோடு தொடர்புடையது. சரளமாகப் பேசும் மாணவரை ஸ்பானியம் 1இல் அமர்த்தினால், அவர் நிறங்களின் பெயர்களையும் எண்களையும் மீண்டும் கற்று எளிதாக மதிப்பெண் பெறுவார், எழுத்துத்திறன் வளராது. பேச்சுத்திறனை மட்டும் கண்டு உயர்படியில் அமர்த்தினால் எழுத்தில் தடுமாறுவார். பல பள்ளிகள் வீட்டுமொழி மாணவர்க்கெனத் தனி வகுப்புகளை நடத்துவதன் காரணம் இதுவே. அவ்வசதி இல்லாத இடத்தில், பேச்சையும் எழுத்தையும் தனித்தனியே சோதித்து இடமளிப்பது இயலக்கூடிய வழியாகும்.

முடிவுரை

வகுப்பறை விதிமுறை ஆவணம் ஒழுங்கிற்கான தாளாக மட்டும் அமைவதில்லை; மொழி பற்றிய ஆசிரியரின் நிலைப்பாட்டையும் அது அறிவிக்கிறது. மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. ஒரு விதி மொழியைப் பயன்படுத்தும் வாய்ப்பைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? அதனைப் பின்பற்றத் தேவையான சொற்களும் பயிற்சியும் மாணவர்க்கு முன்னரே தரப்பட்டுள்ளனவா? மொழியைப் புதிதாகக் கற்பவர், வீட்டில் கேட்டு வளர்ந்தவர் ஆகிய இருவரிடத்தும் அது நேரிய விளைவைத் தருகிறதா? இவற்றுக்கு விடையளிக்க இயலாத விதி கீழ்ப்படிதலை வளர்க்கலாம், மொழியை வளர்க்காது.

இவ்வினாக்கள் ஸ்பானியத்தோடு நிற்பவை அல்ல. உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் மாணவரின் இருமொழித் திறனை ஏற்கும் இருமொழி எழுத்தறிவு முத்திரையை 2011இல் கலிபோர்னியா முதலில் சட்டமாக்கியது. பின்னர்ப் பிற மாநிலங்களும் அதனை ஏற்றன. தமிழில் திறன் காட்டும் மாணவரும் அம்முத்திரையைப் பெற்று வருகின்றனர். புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் வீட்டுமொழி மாணவரே. 'தமிழில் மட்டும் பேசுக' என்று அங்கு எழுதப்படும் விதியும் இம்மூன்று வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டதாகும்.