கொரியா போகிறவர் அறிய வேண்டிய ஜப்சே

மட்டக்களப்பிலிருந்து தென்கொரியாவுக்கு வேலைக்குப் போக நினைப்பவர் முதலில் மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் நிபந்தனை அது. ஆனால் சாப்பாட்டை யாரும் சொல்லித் தருவதில்லை.

பிறந்தநாள், கல்யாணம், அறுவடைத் திருநாள் என எல்லா விசேடத்திலும் அங்கே பரிமாறப்படுவது ஜப்சே. 'ஜப்' என்றால் கலந்தது, 'சே' என்றால் மரக்கறி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குவாங்ஹேகுன் அரசரின் காலத்தில், அது வெறும் மரக்கறியும் காளானும்தான். நூடில்ஸ் சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்.

கண்ணாடிபோல் தெரியும் அந்த நூடில்ஸ், நம்மூர் வத்தாளங்கிழங்கின் மாவிலிருந்து வருவது. கோதுமை இல்லை, மாப்பொருள் வெந்ததும் ஒளி ஊடுருவும், இழுத்தால் இழுபடும். கரட், கீரை, வெங்காயம், காளான் ஒவ்வொன்றையும் தனித்தனியே வதக்கி, சோயா சோஸ், சீனி, நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டுவார்கள். ஒவ்வொன்றும் வேகும் நேரம் வேறு என்பதே காரணம்.

சிக்கல் இறைச்சியில் இருக்கிறது. வழமையாகச் சேர்ப்பது மாட்டிறைச்சி. பன்றி இறைச்சியும் உண்டு. மாடு சாப்பிடாத இந்துவும் ஹலால் பார்க்கும் முஸ்லிமும் தட்டில் போட முன்னரே கேட்க வேண்டும். 'கோகி பெ ஜுசேயோ' என்றால் 'இறைச்சி போடாமல் தாருங்கள்' என்று பொருள். ஏற்கெனவே கலந்து வைத்ததில் இது உதவாது.

வீட்டில் செய்தால் இறைச்சிக்குப் பதிலாக வாவி இறால் போடலாம். சுவை குறையாது.