ஆறு நிறம் மாறும் ஊர்... இயற்கைச் சாயத்துக்குத் திரும்பும் பாட்டிக் கைவினைஞர்கள்! என்ன சிக்கல்?

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள பெக்கலோங்கனுக்கு 'பாட்டிக் நகரம்' என்றே பெயர். வீட்டுக்கு வீடு இருக்கும் பட்டறைகளில் இருந்து சாயத் தண்ணீர் கலப்பதால், அங்கே ஆறு நிறம் மாறி ஓடுவது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. இதற்குத் தீர்வாக ஒரு பகுதி கைவினைஞர்கள் பழைய இயற்கைச் சாயத்துக்கே திரும்புகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் செலவு யார் தலையில்?

பாட்டிக் எப்படி உருவாகிறது?

சாயம் ஏறக் கூடாத இடத்தில் உருக்கிய மெழுகால் கோலம் போட்டு, துணியைச் சாயத்தில் முக்குவதுதான் அடிப்படை. மெழுகு இருக்கும் இடம் பழைய நிறத்திலேயே நிற்கும். அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். இதற்கான கருவி 'சான்டிங்'. மரப்பிடியில் குட்டி செம்புக் கிண்ணம், அதில் மெல்லிய மூக்கு. பேனா மாதிரி பிடித்து, மெழுகு அடைத்துக்கொள்ளாமல் ஊதி ஊதி வரைவார்கள். பெரும்பாலும் பெண்களின் வேலை இது. நுணுக்கமான ஒரு துணி முடிய மாதக்கணக்கில் ஆகும்.

19-ம் நூற்றாண்டின் மத்தியில் 'சாப்' எனும் செம்பு அச்சு வந்தபிறகு வேகம் கூடியது. அச்சிலும் மெழுகுதான் என்பதால் அதுவும் அசல் பாட்டிக்தான். இந்தோனேசிய பாட்டிக்கை 2009 அக்டோபர் 2-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாளையே அங்கே பாட்டிக் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சாயத்தில் என்ன பிரச்சனை?

ரசாயனச் சாயம் வந்தபின் சில முக்கலில் பளிச்சென்ற நிறம் கிடைத்தது. அதற்கு முன் நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு நுணா இனத்து வேர், பழுப்புக்கு மரப்பட்டை. அந்தப் பழுப்பு தரும் மரங்களில் ஒன்று, நம்ம ஊர் ரோட்டோரம் மஞ்சள் பூ கொட்டுமே, அதே பெருங்கொன்றை!

இயற்கைச் சாயத்தில் நிறம் ஆழமாக இறங்க, முக்கிக் காயவைப்பதை பத்து, இருபது தடவைகூட செய்ய வேண்டும். மழைக்காலம் என்றால் வேலை இன்னும் இழுக்கும். இரண்டு துணியில் ஒரே நிறம் வராது. மொத்தமாக ஆர்டர் கொடுப்பவர் இதை ஏற்பாரா?

இயற்கை என்றாலே சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. நிறத்தை நிலைக்க வைக்க படிகாரம், சுண்ணாம்பு, அன்னபேதி ஆகியவற்றில் ஒன்று தேவை. அன்னபேதி கலந்த தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டால் பழைய கதைதான். பட்டையை உரித்துக்கொண்டே போனால் மரமும் மிஞ்சாது. அதனால்தான் உதிர்ந்த வாதுமை இலை, மங்குஸ்தான் தோல் என்று வீணாகும் பொருளில் சாயம் எடுப்பவர்கள் கூடுதல் கவனம் பெறுகிறார்கள்.

மெழுகில் மட்டும் நல்ல சேதி. கடைசியில் துணியை வெந்நீரில் போட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்து, புது மெழுகோடு சேர்த்துத் திரும்பப் பயன்படுத்துவது இவர்களின் பழைய வழக்கம். 'மறுசுழற்சி' என்ற வார்த்தை வருவதற்கு முன்பே சிக்கனத்துக்காகச் செய்த வேலை.

உண்மையான போட்டி எங்கே?

மெழுகே படாமல், பாட்டிக் டிசைனை மெஷினில் அச்சடித்த துணிதான் பெரிய அடி. நிமிடத்தில் மீட்டர் கணக்கில் ஓடும் துணியோடு, மாதக்கணக்கில் குனிந்து வரையும் பெண் விலையில் எப்படி மோதுவார்? 2015-ல் இத்தகைய துணி இறக்குமதிக்கு இந்தோனேசிய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் உள்நாட்டிலேயே அச்சடித்தால்? கூலி கட்டுப்படியாகாமல் இளையவர்கள் ஃபேக்டரி வேலைக்குப் போக, பட்டறையில் வயதானவர்களே மிஞ்சுகிறார்கள்.

கடையில் அடையாளம் காண்பது எப்படி?

துணியைத் திருப்பிப் பாருங்க. கையால் செய்த பாட்டிக்கில் சாயம் உள்ளே இறங்கியிருப்பதால் இரு பக்கமும் நிறம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அச்சுத் துணியில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். கையால் வரைந்த ஒரே பூ அடுத்தடுத்து வந்தாலும் அச்சு அசலாக இருக்காது, கோடு லேசாகத் தடுமாறும். புதுத் துணியில் மெழுகு வாசனையும் வரலாம்.