முந்நூறு ரூபாய் ஆசை, 14,000 ரூபாய் பேட்டரி: எலெக்ட்ரிக் சைக்கிள் கன்ட்ரோலர் வாங்கும் முன்...

ரிட்டர்ன் போட வந்த ஒரு தம்பி, ஃபார்ம் 16-ஐ எடுக்கிறதுக்கு முன்னாடியே ஃபோனை நீட்டினார். சேரப்பணஞ்சேரியில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். பழைய சைக்கிளில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் மாட்டி ஓட்டுறார். மழையில் கன்ட்ரோலர் போயிடுச்சு. "48 வோல்ட், 1,000 வாட் கன்ட்ரோலரா போட்டுக்கோ, முந்நூறு ரூபாய்தான் அதிகம், வண்டி பறக்கும்" என்று கடையில் சொல்லியிருக்காங்க. "வாங்கலாமா சார்?"

நான் இன்ஜினியர் இல்லை. ஆனா இது முழுக்க காசுக் கணக்கு.

முதலில் வோல்ட். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி ஃபுல் சார்ஜில் 42 வோல்ட் காட்டும். 48 வோல்ட் கன்ட்ரோலர், பேட்டரி சுமார் 40 வோல்ட்டுக்கு இறங்கினாலே "சார்ஜ் தீர்ந்துடுச்சு"னு நிறுத்திடும். அதாவது பறக்காது, கிளம்பின கொஞ்ச தூரத்திலேயே நிக்கும். அப்போ பேட்டரியையும் மாத்தச் சொல்வாங்க. செலவு அங்கதான் ஆரம்பிக்குது.

அடுத்தது ஆம்பியர். இதைத்தான் பலரும் பார்க்கிறதே இல்லை. 250 வாட்டை 36-ஆல் வகுத்தா சுமார் 7 ஆம்பியர். மோட்டார் தொடர்ந்து தாங்குறது அவ்வளவுதான். மேடு ஏற, கிளம்ப, கொஞ்ச நேரம் 15 ஆம்பியர் வரை போகலாம். எவ்வளவு உள்ளே விடணும்னு முடிவு பண்றது கன்ட்ரோலர். கிரெடிட் கார்டு லிமிட் மாதிரி: லிமிட்டை ஏத்தினா சம்பளம் ஏறாது. 15 ஆம்பியரை 30 ஆக்கினா மோட்டார் சுருளில் சூடு இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. ஹப் மோட்டார் மூடின டப்பா, சூடு வெளியேற வழி குறைவு. பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்பு போர்டும் (பிஎம்எஸ்) 15 ஆம்பியருக்கானதா இருந்தா, நடு ரோட்டில் கட் ஆகும். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் பின்னாடி கன்டெய்னர் லாரி வரும்போது அப்படி நின்னா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போ என் ஏரியா. தம்பிக்கு தினமும் போக வர 12 கிலோமீட்டர். பைக்கில் போனா மாசம் சுமார் 600 ரூபாய் பெட்ரோல். அதுதான் அவர் சேமிப்பு. அவர் பேட்டரி வாங்கின விலை 14,000. அது போச்சுன்னா கிட்டத்தட்ட 2 வருஷ சேமிப்பு போச்சு!

இன்னொரு ரிஸ்க் சட்டத்தில் இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2(யு): மோட்டாரின் 30 நிமிட பவர் 0.25 கிலோவாட்டுக்குக் கீழே, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் உதவி நின்றுவிடணும், சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் வேணும். அப்போதான் அது 'மோட்டார் வாகனம்' இல்லை. கடையில் வாங்கி மாட்டின கிட்டுக்கு அந்த ஒப்புதல் இருக்கானு முதல்லயே கேளுங்க. (வாகனங்களைச் சோதிக்கிற ஜிஏஆர்சி மையம் ஒரகடத்திலேயே இருக்கு, தம்பி தினமும் தாண்டிப் போறார்!) 48 வோல்ட் போட்டா 25 வேகம் 33 ஆகும். அந்த நிமிஷமே பதிவு, லைசென்ஸ், தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டாயம். இன்ஷூரன்ஸ் இல்லைன்னா முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். அது சின்ன விஷயம். யாரையாவது இடிச்சுட்டா இழப்பீடு முழுக்க நம்ம பாக்கெட்டில் இருந்து.

தம்பி கடைசியில் 36 வோல்ட், 15 ஆம்பியர் கன்ட்ரோலரே வாங்கினார். மாட்டும்போது நான் சொன்னது ஒண்ணுதான்: வயர் கலரை நம்பாதீங்க. மஞ்சள், பச்சை, நீலம் மூணு தடி வயர், ஹால் சென்சாரின் மூணு மெல்லிய வயர், ரெண்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பின் சக்கரத்தைத் தூக்கி வச்சு, த்ராட்டிலை லேசா மட்டும் திருகணும். உறுமி, அதிர்ந்தா உடனே விட்டுடணும். மூணு தடி வயரை மாத்திப் போட 6 வழிதான் இருக்கு.

நாலாவது வழியில் சத்தமில்லாம சுத்துச்சுன்னு நைட் ஷிஃப்ட் முடிச்சு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். ஃபார்ம் 16 இன்னும் வரலை.