ராஜிக்கு யார் கையெழுத்து?

எங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ‘ராஜி’ என்ற சொல் காதில் விழாத நாள் கிடையாது. வரப்புத் தகராறில் மண்வெட்டிக் காம்பால் அடித்தவரும், அடிபட்ட பங்காளியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வாய்தாவுக்கு வாய்தா அலைந்து சலித்திருப்பார்கள். இடையில் வீட்டில் ஒரு கல்யாணமோ கருமாதியோ வந்து பேச்சுவார்த்தையும் தொடங்கியிருக்கும். “சமாதானம் ஆயிட்டோம் சார், கேசை முடிச்சு விடுங்க” என்பார் அடிபட்டவர்.

சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 320-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 359. சாதாரணக் காயம் என்றால் அடிபட்டவரே ராஜியாகலாம். எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு நீதிபதியின் அனுமதி வேண்டும். கொலை முயற்சி அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும், இரு தரப்பும் சமாதானமானதைக் கருதி, கொலை முயற்சி வழக்கிலும் தண்டனைக் காலத்தை உச்ச நீதிமன்றம் குறைத்ததுண்டு.

அப்படியானால் அடிபட்டவர் சொன்னால் தண்டனையைக் குறைத்துவிடலாமா? அவர் சொல்வதை நீதிபதி கட்டாயம் கேட்க வேண்டும், எடை போட வேண்டும் என்பேன். ஆனால் சிறைச் சாவியை அவர் கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அன்று ராத்திரியே அவர் வீட்டுக்கு ஆள் வரும்.

ராஜி மனுவில் கையெழுத்துப் போட வருகிறவர் யாரோடு வருகிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒருமுறை, தலையில் தையல் போட்ட பெண் ஒருத்தி எதிரியின் காரிலேயே வந்து இறங்கினாள். கூட நாலு பெரிய மனிதர்கள். அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, “மனசார மன்னிச்சிட்டியாம்மா?” என்று கேட்டேன். “அவுக வயல்லதான் நாங்க வேலை பாக்கோம், ஐயா” என்றாள். நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

நீதிமன்றமே சமரசத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காகக் கடலூர் மகளிர் நீதிமன்றத்தில் 7 ஆண்டு தண்டனை பெற்ற ஒருவருக்கு, பாதிக்கப்பட்டவரோடு சமரசம் பேசுவதற்காக 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. அந்தப் பெண் பேச மறுத்துவிட்டார். இத்தகைய வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று, வேறொரு மத்தியப் பிரதேச வழக்கில், ஜூலை முதல் நாளே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே மாதம் உயர் நீதிமன்றமும் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

மன்னிப்பவர் மீது எந்த நெருக்கடியும் இல்லாதபோது வேறு ஒரு சிக்கல் வருகிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினிக்காக சோனியா காந்தியே கருணை கேட்டார். 2000-இல் தமிழக அமைச்சரவை பரிந்துரைக்க, தூக்கு ஆயுளானது. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் அன்று செத்தவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. அங்கே உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சில, பின்னாளில் கைதிகளின் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. ஒரு குண்டுக்குப் பல குடும்பங்கள் பலியானால், யாருடைய மன்னிப்பைக் கணக்கில் எடுப்பது?

இதில் விசித்திரம் என்னவென்றால், குற்றம் நிரூபணமான பிறகு தண்டனை பற்றி எதிரியின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. “வயசான அம்மா இருக்காங்க, ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்று அவர் சொல்வது பதிவாகிறது. காயம்பட்டவரிடம் கேட்டாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்லவில்லை. அவருக்கு நேர்ந்த பாதிப்பையும் அந்தக் கட்டத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று யோசனை சொன்னது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரலாம். கேட்பதை நீதிபதி தன் அறையில் தனியாகக் கேட்கட்டும். எதிரியின் ஆட்களும் ஊர்ப் பெரியவர்களும் வெளியே நிற்கட்டும். என்னைப் போன்ற வக்கீல்களும்தான்.