ஒளியோடு ஒளி சேர்ந்தால்…

பிளஸ் டூ படிக்கும் என் மகள் யங்கின் இரட்டைப்பிளவு ஆய்வை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருந்தாள். படம் வரைகிறாள், சமன்பாட்டைத் தருவிக்கிறாள், வெளிச்சமும் இருட்டுமாக விழும் பட்டைகளின் அகலத்துக்குக் கணக்கும் போடுகிறாள். “அந்தப் பட்டையைக் கண்ணால பாத்திருக்கியாம்மா?” என்று கேட்டேன். “இல்லப்பா, அது பரீட்சைக்கு மட்டும்தான்” என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று இரவே உட்கார்ந்துவிட்டோம். சீப்பில் சிக்கியிருந்த அவளுடைய முடி ஒன்று, செலோடேப், சிவப்பு லேசர் பாயிண்டர். லேசரின் வாய்க்குக் குறுக்கே நட்டநடுவில் முடியைச் செங்குத்தாக இழுத்து ஒட்டினோம். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேசரை வைத்து, துணி கிளிப்பால் பொத்தானை அழுத்திவிட்டு விளக்கை அணைத்தோம்.

முடியின் நிழல் விழும் என்று அவள் காத்திருந்தாள். மூன்று மீட்டர் தள்ளியிருந்த சுவரிலோ, இடமும் வலமுமாக நீண்ட ஒரு சிவப்புக் கோடு. அது துண்டு துண்டாக அறுந்து, நடுநடுவே கறுப்பு. “முடி செங்குத்தா இருக்கு, கோடு ஏம்ப்பா படுத்திருக்கு?” என்றாள். புத்தகம் நான்கு நாளில் எழுப்பாத கேள்வி அது.

முடியின் இரு பக்கமும் கடந்து வரும் ஒளி, அலையாகப் பக்கவாட்டில் பரவிச் சுவரில் சந்திக்கிறது. முகடும் முகடும் சேர்கிற இடத்தில் வெளிச்சம் கூடுகிறது. ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டில் விழும் இடத்தில் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்கும் ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது; வந்த ஒளியை வந்த ஒளியே அணைக்கிறது. பாடநூல் இதை விளிம்பு விளைவு என்று தனிப் பகுதியில் வைக்கும். உள்ளே நடப்பது குறுக்கீடுதான்.

லண்டன் மருத்துவரான தாமஸ் யங், 1803 நவம்பரில் ராயல் சொசைட்டியில் விவரித்ததும் ஏறக்குறைய இதைத்தான். ஜன்னல் கதவின் ஓட்டையைத் தடித்த தாளால் மூடி, ஊசியால் துளையிட்டார். உள்ளே வந்த வெயில் கீற்றின் குறுக்கே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள அட்டைக் கீற்றைப் பிடித்தார். அதன் நிழலுக்குள்ளேயே பட்டைகள் தெரிந்தன. அட்டையின் ஒரு பக்கம் வரும் ஒளியை மட்டும் மறைத்தார். மறுபக்க ஒளி தடையின்றி வந்தும் நிழலுக்குள் இருந்த பட்டைகள் மறைந்துபோயின. இரு பக்க ஒளியும் சேர்ந்தால்தான் பட்டை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வெயில் இருந்தால் யாரும் எளிதாகச் செய்யலாம், கைக்கு எட்டும் பொருள்களே போதும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இரட்டைப்பிளவு அவருடைய 1807ஆம் ஆண்டு நூலில்தான் வருகிறது. இந்த அட்டைக் கீற்று நம் வகுப்பறைகளுக்கு வராமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேசர் ஒளி எவர் கண்ணிலும் விழக்கூடாது. சுவர்ப் பக்கம் கண்ணாடியோ எவர்சில்வர் பாத்திரமோ இருந்தால் எடுத்துவிடுங்கள். லேசரைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

பிறகு அளந்தோம். நடுவில் உள்ள பெரிய வெளிச்சத்தை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் அடுத்தடுத்த கறுப்புகளுக்கு இடையே ஸ்கேல் வைத்தால் 28 மில்லிமீட்டர். சிவப்பு ஒளியின் அலைநீளம் சுமார் 0.00065 மில்லிமீட்டர். அதைச் சுவர்வரை உள்ள 3000 மில்லிமீட்டரால் பெருக்கி, 28ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர். அதுதான் முடியின் தடிமன். பள்ளியில் திருகு அளவியோடு மல்லுக்கட்டிப் பெறும் அளவு, பிளாஸ்டிக் ஸ்கேலில் கிடைத்துவிட்டது!

சத்தம் கேட்டு எழுந்து வந்த என் அம்மா, “என்னோடதையும் பாருடி” என்று ஒரு நரைமுடியை உருவிக் கொடுத்தார். ஒட்டியதும் கறுப்புகள் விலகிப்போயின: 39 மில்லிமீட்டர். “இடைவெளி கூடிடுச்சு, அப்போ பாட்டி முடிதான் தடிமனா?” என்று கேட்ட மகள், பதிலுக்குக் காத்திருக்காமல் வகுத்துப் பார்த்தாள். 0.05 வந்தது. தடை மெலிய மெலிய ஒளி அகலமாகப் பரவுகிறது என்பதைத் தானே சொல்லிவிட்டு, அடுத்த முடிக்காக என் தலையைப் பார்த்தாள்.