கடல் கடந்தாலும் அதே வரி

நெடுந்தீவில் குடியிருக்கும் ஒரு தாய் கடைக்குப் போகிறார். சவர்க்காரம், பற்பசை, பிள்ளைக்கு ஒரு சோடிச் செருப்பு. யாழ்ப்பாண நகரில் கேட்ட விலையைவிட இங்கே சற்றுக் கூடுதல். "தீவுக்கென்று தனி வரியா போடுகிறார்கள்?" என்று அவர் கேட்பது நியாயம்தானே!

இல்லை, தனி வரி கிடையாது. இலங்கை முழுவதற்கும் பெறுமதி சேர் வரி, அதாவது 'வற்', ஒரே வீதம்தான். கொழும்புக் கோட்டைக்கும் நெடுந்தீவுக்கும் அதே நூற்றுக்கு 18. ஆனால் கொழும்பிலிருந்து லொறியில் யாழ்ப்பாணம், அங்கிருந்து குறிகாட்டுவான், பிறகு படகு என்று பொருள் வந்து சேர்வதற்குள் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் எரிபொருட் செலவும் சேர்ந்துவிடுகின்றன. 2024 ஜனவரியிலிருந்து டீசலுக்கும் இந்த வரி உண்டு. ஆகவே தூரம் கூடக்கூட, செலவோடு சேர்ந்து வரியும் கூடுகிறது. வீதம் ஒன்று, சுமை ஒன்றல்ல.

நம் அயலில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. இந்தியாவின் அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவு ஆகிய தீவுகளில் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை விற்பனை வரியே இருக்கவில்லை.

வரி வளர்ந்த கதை

இலங்கையில் பழைய புரள்வு வரிக்குப் பதிலாக 1998 ஏப்ரலில் பொருட்கள் சேவைகள் வரி நூற்றுக்கு 12.5 என வந்தது. 2002 ஓகஸ்டில் அதன் இடத்தை 'வற்' பிடித்தது. 2019 டிசம்பரில் 8 ஆகக் குறைக்கப்பட்ட வீதம், பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என ஏறியது. வரிக்கு முன் ஆயிரம் ரூபா பெறுமதியான பொருளை 1,080 ரூபாவுக்கு வாங்கிய குடும்பம், இன்று 1,180 ரூபா கொடுக்கிறது. சமையல் எரிவாயுவுக்கும் கைத்தொலைபேசிக்கும் இருந்த விலக்கும் அதே ஜனவரியில் நீங்கியது. காய்கறி, மருந்து, பயணிகள் போக்குவரத்து ஆகியன தப்பின.

வாகனம் வாங்குவோர் இதையும் அறிய வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் மீதே 'வற்' கணக்கிடப்படுகிறது. வரிக்கும் வரி!

இரட்டை வரி கண்ட மண்

குடாநாட்டு மக்களுக்கு இது புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள், மின்கலம், உரம், சீமெந்து எல்லாம் அரிதாகி, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது பொருட்கள் வந்தன. ஆனால் அரசுக்குக் கட்டிய வரிக்கு மேல், வழியில் விடுதலைப் புலிகளும் பொருளுக்கும் வாகனத்துக்கும் வரி அறவிட்டார்கள். இரண்டையும் கடைசியில் கொடுத்தது, கடை வாசலில் நின்ற குடும்பம்தான். 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் திரும்பி வந்து சிறு கடை போட்டிருப்போருக்கும் இந்தக் கணக்கு முக்கியம். 'வற்' பதிவுக்கான ஆண்டு விற்பனை எல்லை 2024 ஜனவரியில் 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாவாகக் குறைக்கப்பட்டது. பதிவு பெற்ற பெரிய வியாபாரி, தான் கொள்வனவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத சிறு கடைக்காரருக்கு அந்த வழி இல்லை. கட்டியது விலையில் சேரும், அல்லது அவருடைய இலாபத்தைத் தின்னும்.

நாம் செய்யக்கூடியது

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 'வற்' என்று தனியாகத் தொகை இருந்தால், கடையின் பதிவிலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெறாத கடைக்கு அந்த வரியை அறவிட உரிமையில்லை. வரி சேர்ந்த விலை 1,180 என்றால் அதில் வரி 180. மொத்தத்தில் 18 வீதம் எடுத்து 212 என்று கணக்கிட்டு ஏமாறாதீர்கள்.

வியாபாரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் தரும் வரி உங்கள் இலாபமல்ல. உங்கள் கையில் இருக்கும் அமானிதம். அந்தத் தீவுத் தாயின் சவர்க்காரக் கட்டியிலும் அது இருக்கிறது. சேர வேண்டிய இடத்தில் அதைச் சேர்த்துவிடுங்கள்.